சாயத்தண்ணி, உப்பு, அப்புறம் எங்க அண்ணனோட ஹாலோ பிளாக்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க பெரியப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தார். காங்கயம் ரோட்டுல ஹாலோ பிளாக் யார்டு வச்சிருக்கார். காபி குடிச்சு முடிச்சதும் மெதுவா ஆரம்பிச்சார்.

"தம்பி, உங்க பிளாண்ட்டுல மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கீங்களே ஒரு சேறு, அதுல எனக்கு வாரம் ரெண்டு லோடு குடு. வண்டி நானே அனுப்பறேன்."

"அண்ணா, அதெல்லாம் அப்படிக் குடுக்க முடியாதுங்க."

"ஏன், சிமெண்ட் கம்பெனிக்கு மட்டும் அனுப்பறீங்க? அவன் பெரிய ஆளு, நான் சின்ன ஆளு, அதானே?"

சட்டுன்னு பதில் வரல. அவர் கேட்டதுல பாதி நியாயம் இருந்துச்சு. மீதிப் பாதி ஏன் இல்லைங்கறதைச் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதை பேசணும். அந்தக் கதையில நானும் யோக்கியன் கிடையாது.

நான் திருப்பூர்ல ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பாக்கறேன். பக்கத்துல இருக்கற சாயப்பட்டறைங்களோட கழிவுத்தண்ணி எல்லாம் குழாய்ல எங்களுக்கு வரும். சுத்தம் பண்ணி நல்ல தண்ணியா அவங்களுக்கே திருப்பி அனுப்பணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. ஜீரோ டிஸ்சார்ஜ்னு ஊர்ல சின்னப் பையனுக்குக் கூட தெரிஞ்ச வார்த்தை. ஆனா இங்க வர்றதுக்கு முன்னால, 1997-ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்ச கையோட, நான் சேர்ந்தது ஒரு சாயப்பட்டறை லேப்ல. (பேரு வேண்டாம். அந்தப் பட்டறையே இப்ப இல்ல.)

அங்க முதல் நாள் மாஸ்டர் கத்துக்குடுத்ததே உப்புக் கணக்குதான். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா தொட்டித் தண்ணியில உப்பு கரைக்கணும். அடர்த்தியான கலர்னா லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம்னு போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. ஒரு டன் துணி ஓட்டினா அரை டன் உப்பு. இதுல வேடிக்கை என்னன்னா, சாயத்துலயாவது முக்கால்வாசி துணியில ஒட்டிக்கும். உப்பு ஒரு கிராம் கூட ஒட்டாது. சாயத்தைத் துணிக்குள்ள தள்ளி விட்டுட்டு அப்படியே தண்ணியோட வெளிய வந்துரும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக் குடுத்துட்டு சாப்பிடாம போற தரகர் மாதிரி.

அப்ப எல்லாருக்கும் கலர்தான் கண்ணை உறுத்துச்சு. ஆத்துல செவப்பாப் போகுது, நீலமாப் போகுதுன்னு பேப்பர்ல போட்டோ வரும். அதனால 90-கள்ல வந்த சுத்திகரிப்பு நிலையங்கள்ல சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலரைப் படிய வச்சாங்க. மேல நிக்கற தண்ணி தெளிவா இருக்கும். பாக்கறவங்களுக்கு சந்தோஷம். ஆனா உப்பு? அது கரைஞ்ச பொருள், சுண்ணாம்புக்கெல்லாம் அசையாது. அரசு வச்ச அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். எங்க தண்ணி அதைப் போல ரெண்டு மடங்கு மூணு மடங்கு காட்டும். கண்ணுக்குத் தெரியாததால யாரும் படம் பிடிக்கல, அவ்வளவுதான்.

நொய்யல் வெள்ளியங்கிரியில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்துல நொய்யல்னே பேரு வச்ச ஊர்ல காவிரியில சேருது. நடுவுல ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல திறந்தாங்க. எங்க அம்மா பொறந்த ஊரு அந்தப் பக்கம்தான். அணை வருதுன்னதும் எங்க அப்புச்சி கிடாய் வெட்டினாராம். மஞ்சள் போடலாம், கரும்பு போடலாம்னு ஊரே கணக்குப் போட்டிருக்கு.

அணை நிரம்பினது என்னவோ நிஜம்தான். திருப்பூர் கழிவுதான் வந்து நிரம்புச்சு. கொஞ்ச வருசத்துலேயே தண்ணி விடாதீங்கன்னு விவசாயிங்களே மனு குடுக்கற நிலைமை. அணை கட்டிக் குடுத்த கவர்மெண்ட்டுகிட்ட, மதகைத் திறக்காதீங்கன்னு விவசாயி கெஞ்சினது உலகத்துல வேற எங்க நடந்திருக்கும்னு எனக்குத் தெரியல. மதகைச் சாத்தினா மட்டும் உப்பு நின்னுருமா? பூமிக்கு அடியில போய் கெணத்துல ஊறுச்சு. அப்புச்சி தோட்டத்துல மொதல்ல மஞ்சள் கருகுச்சு. அப்புறம் வாழை. அப்புறம் மண்ணே சிமெண்ட் மாதிரி இறுகி, மழை பெஞ்சா தண்ணி மேலயே நிக்க ஆரம்பிச்சுது. மாடுங்க தொட்டித் தண்ணியை மோந்து பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கும். 99-ல ஒரு தடவை போனப்ப அப்புச்சி சொம்புல கெணத்துத் தண்ணி கொண்டு வந்து குடுத்தார்.

"குடிச்சுப் பாரு கண்ணு. அம்மாயி கொழம்புக்கு இப்பல்லாம் உப்பே போடறதில்ல."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். வாயில வச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தினமும் தராசுல நான் நிறுக்கற உப்பு அது.

அதை விட மோசம் இன்னொண்ணு இருக்கு. மழை பெய்யற ராத்திரியில எங்க பட்டறையில ஒரு வால்வைத் திறப்பாங்க. தொட்டியில தேங்கினது ஓடையில போயிரும், ஓடைத் தண்ணி நொய்யலுக்குப் போயிரும். காலையில லாக் புக்குல இவ்வளவு லிட்டர் சுத்திகரிப்புக்கு அனுப்பியாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து என்னோடது. ரெண்டு தடவை வால்வையே நான்தான் திறந்தேன், ஆபரேட்டர் லீவு. மாசச் சம்பளம் அப்ப ரெண்டாயிரத்து எண்ணூறு. இதையெல்லாம் ஒரு காரணம்னு சொல்ல வரல, கணக்குக்குச் சொல்றேன்.

விவசாயிங்க சும்மா இருக்கல. ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்ட ஈடு நிர்ணயிக்கற ஆணையம் 2004-ல 28,000 பேருக்கு மேல, 24 கோடி ரூபாய்க்கு மேல கணக்குப் போட்டுச்சு. வகுத்துப் பாத்தா ஆளுக்கு பத்தாயிரம் கூட வராது. 2006 டிசம்பர்ல ஹைகோர்ட், எல்லாரும் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வரணும், அது வரைக்கும் வெளிய விடற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவுல ஆரம்பிச்சு 10 பைசா வரைக்கும் கட்டணும்னு சொல்லுச்சு. சாயப்பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க. 2009 அக்டோபர்ல அங்கயும் அதே தீர்ப்பு, மூணு மாசம் கெடு. அப்புறமும் தண்ணி போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. கடைசியா 2011 ஜனவரி 28, எல்லாத்தையும் மூடு, கரண்டைக் கட் பண்ணுன்னு உத்தரவு. எழுநூத்துச் சொச்சம் பட்டறை.

அந்த நாளைத் திருப்பூர்ல இருந்தவங்க மறக்க மாட்டாங்க. சத்தமே இல்லாத ஊரு அது. பஸ் ஸ்டாண்டுல மூட்டை முடிச்சோட குடும்பம் குடும்பமா நின்னாங்க, தெக்கத்தி மாவட்டங்களுக்குத் திரும்பிப் போக. துணியை லாரியில ஏத்தி வேற ஊருக்கு, வேற மாநிலத்துக்கு சாயம் போட அனுப்பினாங்க. சில பேர் ராவோட ராவா வேற ஆத்தங்கரையில கொட்டாய் போட்டு ஓட்டினதும் நடந்துச்சு. அதாவது நொய்யலுக்குப் போட்ட பூட்டு இன்னொரு ஆத்துல திறந்துக்கிச்சு.

எனக்கு ஏழு மாசம் சம்பளம் இல்ல. அந்த நேரம் மாமனைப் பாக்கப் போனேன். (அப்புச்சி 2008-லயே போய்ச் சேர்ந்துட்டார்.) மாமா திண்ணையில உக்காந்திருந்தார். என்னைப் பாத்ததும் மொகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்ள! மூடிப்புட்டாங்களாமா எல்லாத்தையும்? எங்கய்யன் இருந்து பாத்திருக்கோணும்!"

அடுத்த நிமிஷமே சிரிப்பு போயிருச்சு. "அப்ப உங்களுக்குச் சம்பளம்?"

நான் தலையை ஆட்டினேன். அத்தை உள்ள போய் ஒரு மூட்டை அரிசியை எடுத்து வண்டியில வச்சாங்க. கடையில வாங்கின அரிசி. அன்னிக்குத்தான் மாமாகிட்ட அந்த வால்வு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் மாட்டை வேற எடத்துல மாத்திக் கட்டினார். திரும்பி வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அரசு வட்டியில்லாக் கடனா 200 கோடி ரூபாய் அறிவிச்சு, சுத்திகரிப்பு நிலையங்கள் கொஞ்சம் கொஞ்சமா மறுபடி திறந்துச்சு. நான் இங்க சேர்ந்தேன். மொதல்ல பாக்டீரியாவை வச்சு அழுக்கைத் தின்ன வைக்கறோம். அப்புறம் ஆர்ஓ. வர்ற தண்ணியில பெரும்பகுதி அதுலயே நல்ல தண்ணியாத் திரும்பிரும். மிச்சம் நிக்கற ரிஜெக்ட்டுலதான் அத்தனை உப்பும் இருக்கும். அதை எவாபரேட்டர்ல விட்டுக் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில குளிர வச்சா, சோடியம் சல்பேட் படிகம் படிகமா எறங்கும். கிளாபர் சால்ட்னு சொல்வோம். சூட்டுல நல்லாக் கரையும், குளிர்ந்தா கரையறது சடார்னு கொறஞ்சுரும். அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்திக்கறோம். (இத்தனையும் காய்ச்ச பாய்லருக்கு விறகு டன் கணக்குல எரியுது. ஆத்தைக் காப்பாத்த மரத்தை எரிக்கறோம்னு பாய்லர் ஆபரேட்டர் அடிக்கடி சொல்வார். மறுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.)

மொத தடவை அந்த உப்பைக் கையில அள்ளினப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. பளபளன்னு, கண்ணாடித் தூள் மாதிரி. அப்புச்சி கெணத்துக்குப் போக வேண்டியது இப்ப என் கையில இருக்கு.

ஆனா வாங்க ஆளில்ல! "பழைய உப்பு வேண்டாங்க, ஷேடு மாறிரும்"னு மாஸ்டர்ங்க ஒதுங்கிட்டாங்க. பையர் துணியை ரிஜெக்ட் பண்ணினா யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. நியாயமான பயம்தான். கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர்த்தியான கலர்ல மொதல்ல போட்டுக் காட்டினோம். ஒரு வித்தியாசமும் இல்ல. வெளிர் கலர்ல கொஞ்சம் மங்கல் தெரிஞ்சுது, அதுக்கு உப்பை இன்னொரு தடவை கழுவினோம். அப்புறம் உப்பு விலை ஏறுச்சு, பயம் தானா எறங்குச்சு. இன்னிக்கு எங்க சால்ட்டுக்கு வரிசை கட்டி நிக்கறாங்க.

எல்லா உப்புக்கும் அந்த யோகம் இல்ல. சல்பேட் எடுத்த பொறவு கடைசியில ஒரு கருங்கஷாயம் மிஞ்சும். அதைக் காய வச்சா குளோரைடும் சல்பேட்டும் கலந்து, சாயத்தோட மிச்ச சொச்சமும் ஒட்டிக்கிட்ட ஒரு கலப்பு உப்பு. எதுக்கும் ஆகாது. மண்ணுல புதைச்சா மழையில கரைஞ்சு திரும்ப ஆத்துக்கே போயிரும். அதனால ஷெட்டு போட்டு, தார்ப்பாய் போத்தி, மூட்டை மூட்டையா வச்சுக் காவல் காக்கறோம். பட்டறைங்க எல்லாம் சாதா உப்பை விட்டுட்டு சல்பேட் மட்டும் பயன்படுத்தினா இந்தக் கலப்பே கொறையும். இதைப் பத்து வருசமா ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். சாதா உப்பு விலை கம்மியாச்சே, கேப்பாங்களா?

இப்ப அண்ணன் கேட்ட சேறு. ஸ்லட்ஜ்னு சொல்வோம். பழைய முறையில சுண்ணாம்பு, ஃபெரஸ் போட்டப்ப மலை மாதிரி வந்துச்சு, இப்ப கொறஞ்சிருக்கு. அதுல இருக்கறது இரும்பும் சுண்ணாம்பும்தான் பெரும்பாலும். சிமெண்ட் சூளைக்கு ரெண்டுமே வேணும். 1,400 டிகிரிக்கு மேல எரியற சூளையில சாயமெல்லாம் சாம்பலாப் போயி, மிச்சம் கிளிங்கரோட கலந்துரும். அதனால அங்க அனுப்பறோம். ஒவ்வொரு லாரிக்கும் மேனிஃபெஸ்ட், படிவம் 10. கையிருப்புக்கு ஒரு ரிஜிஸ்டர், படிவம் 3. தொண்ணூறு நாளைக்கு மேல வச்சிருக்கக் கூடாது. சிமெண்ட் ஆலை மெயின்டெனன்சுக்கு நின்னா எங்க ஷெட்டு நிரம்பி வழியும், தொண்ணூறு நாள் மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். அந்த வாரங்கள்ல எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அண்ணன் மாதிரி ஆளுக்குக் குடுக்க வழியே இல்லையான்னா, இருக்கு. 2016-ல வந்த அபாயகரக் கழிவு விதிகள்ல 9-ஆவது விதி அதுக்குத்தான். ஒரு கழிவை மூலப்பொருளாப் பயன்படுத்தலாம், ஆனா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி வேணும். மத்திய வாரியம் வகுத்த நடைமுறை ஏற்கெனவே இருந்தா அதன்படி. இல்லைன்னா சாம்பிள் குடுத்து, டிரையல் ஓட்டி, ரிசல்ட் காட்டணும். நாலு ஆளு, ஒரு வைப்ரேட்டர் மெஷின் வச்சிருக்கறவருக்கு இது நடக்கற காரியமா? சிமெண்ட் ஆலையில இதுக்குன்னே ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கு. எங்க அண்ணன்கிட்ட அண்ணி மட்டும்தான் இருக்காங்க.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அண்ணன் எந்திரிச்சுப் போய் கார் டிக்கியில இருந்து ரெண்டு கல்லைத் தூக்கிட்டு வந்தார். "இந்தா பாரு. ஒண்ணு சாதா கல்லு, ஒண்ணு சேறு கலந்தது. எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காத. எது எதுன்னு சொல்லு பாக்கலாம்?"

எனக்குப் பகீர்னு இருந்துச்சு. ஏற்கெனவே போட்டுட்டார்! அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவரே அந்தக் கல்லுலதான் கட்டியிருக்கார்.

எது எதுன்னு பாத்ததுமே சொன்னேன். ஒரு கல்லோட ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு.

அந்தக் கல்லுங்களை வாங்கி வச்சுக்கிட்டேன். ரெண்டுலயும் ஒரே எடைக்கு உடைச்சு, ரெண்டு ஜாடியில ஆர்ஓ தண்ணி ஊத்திப் போட்டு வச்சேன். (சாதா கல்லும் வேணும். ஏன்னா சிமெண்ட்டே கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணியில விடும். அதைக் கழிச்சுத்தான் பாக்கணும்.) ஒரு வாரம் கழிச்சு டிடிஎஸ் மீட்டரை வச்சா, சேறு கலந்த ஜாடியில சாதா ஜாடியைப் போல நாலு மடங்கு. சல்பேட் சிமெண்ட்டையே அரிக்கும். சுவரும் நாளாவட்டத்துல உதிரும், உப்பும் மழையோட மண்ணுக்குப் போகும். அண்ணன் வீட்டுக்குப் பின்னாலதான் அவரோட போர்வெல்.

போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நீ ஆபீசர் மாதிரி பேசற தம்பி"ன்னார். போனை வச்சுட்டார்.

எனக்குக் கோவம் வரல. அவர் சொல்றதும் உண்மைதானே. விதிங்க எல்லாம் பெரிய ஆளுங்க அளவுக்குத் தச்ச சட்டை. சின்ன ஆளு போட்டா தொங்குது, அதனால போடாமலே திரியறாங்க, அதனால திருட்டு லோடு நடக்குது. வாரியமே ஒரு டிரையலை நடத்தி, சேறுல உப்பு இவ்வளவுக்குக் கீழ இருந்தா இன்ன கல்லு போடலாம்னு ஒரு அளவைச் சொல்லிட்டா, ஊர்ல இருக்கற அத்தனை பிளாக் யார்டும் நேர் வழியில வருமே? ஆனா அளவு சொல்ற வரைக்கும் என் கையெழுத்துல ஒரு மூட்டை கூட வெளிய போகாது. என் கையெழுத்தோட லட்சணம் எனக்குத் தெரியும், லாக் புக்குல பாத்திருக்கேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஃபில்டர் பிரஸ்ல சேறைப் பிழியறப்ப, அடை நிக்கற நேரத்துல நல்ல தண்ணியை ஒரு தடவை உள்ள விட்டுக் கழுவினா, உப்புல பெரும்பங்கு எறங்கிருமே. அந்தத் தண்ணி எங்கயும் போகாது, மறுபடி ஆர்ஓவுக்கே வந்துரும். சேறுல குளோரைடு கொறஞ்சா சிமெண்ட் ஆலைக்கும் நல்லது, அவங்க சூளையில குளோரைடு அடை கட்டுதுன்னு எப்பவும் புலம்புவாங்க. செலவு என்ன, ஒரு சைக்கிளுக்குக் கூட நாப்பது நிமிஷம், கொஞ்சம் தண்ணி. மேனேஜர்கிட்ட சொன்னேன். "ஏற்கெனவே எவாபரேட்டர் மூச்சு வாங்குது, நீங்க வேற லோடு ஏத்தறீங்க"ன்னார். ஒரே ஒரு பிரஸ்ல மட்டும் ஒரு வாரம் பாத்துக்கங்கன்னு அப்புறம் சொல்லியிருக்கார். திங்கக்கிழமை ஆரம்பிச்சேன்.

பொங்கலுக்குப் பொங்கல் மாமா தோட்டத்துக்குப் போறப்ப டிடிஎஸ் மீட்டரைப் பையில போட்டுக்கிட்டுப் போவேன். 2012-ல ஆறாயிரத்துக்கு மேல காட்டுச்சு. இந்த வருசம் 2,940. மழை நல்லாப் பெஞ்ச வருசத்துல எறங்குது, காஞ்ச வருசத்துல மறுபடி ஏறுது. மாமா இன்னும் மஞ்சள் போடல. சோளத்தட்டும் மாட்டுப்புல்லும்தான். மீட்டரை எட்டிப் பாத்துட்டு, "எத்தனைக்கு வந்தா மஞ்சள் போடலாமுங்க மாப்ள?"ன்னு வருசா வருசம் கேக்கறார். ரெண்டாயிரத்துக்கு உள்ள வரட்டும்னு நானும் வருசா வருசம் சொல்றேன்.

நேத்து ராத்திரி அண்ணன்கிட்ட இருந்து போன். காம்பவுண்டு சுவர் அடியில வெள்ளையா பூத்துக்கிட்டு வருதாம், துடைச்சா மறுநாள் மறுபடி வருதாம். "அந்த அப்ளிகேஷன் எங்க வாங்கறது?"ன்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். ஆதாரும் யார்டு பட்டாவும் எடுத்துட்டு வரணும், அவரு மறந்துருவார், அண்ணிக்குத் தனியா மெசேஜ் போடணும்.